சைமன் பிலிப்ஸ்: செஷன் டிரம்மரா 50 வருஷம், நடுவுல சொந்தப் பாட்டு. பேசலாம் வாங்க

தாளக்காரன்77
ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சிட்டே இருந்த விஷயம் இது, இன்னைக்கு ராத்திரி உக்காந்துட்டேன். நம்ம குரூப்ல டிரம்ஸ் பத்தி பேச்சு வந்தாலே வேகம், டபுள் பேஸ் (ரெண்டு காலாலயும் பேஸ் டிரம் அடிக்கிறது), யாரு எத்தனை டாம் டிரம் வெச்சிருக்காங்க, இதுலயே நின்னுடுது. ஆனா ஒரு ஆளு 12 வயசுல சம்பளத்துக்கு வாசிக்க ஆரம்பிச்சு, ராக், மெட்டல், ஜாஸ், நாடக மேடைன்னு கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போயி, அதுக்கு நடுவுல தனக்குன்னு ஒரு இசையையும் கட்டிக்கிட்டே வந்திருக்காருன்னா அந்த வாழ்க்கையை ஒரு தடவை முழுசா பாக்கணும்ல. சைமன் பிலிப்ஸ். நெறைய பேருக்கு "அமெரிக்க ராக் பேண்ட் டோட்டோல டிரம்மர் ஜெஃப் போர்காரோ இறந்தப்புறம் வந்தவர்"ன்னு மட்டும்தான் தெரியும். அதுக்கு முன்னாடியே 20 வருஷ வேலை இருக்கு, அதுக்கப்புறமும் இருக்கு.

என் கருத்தை முன்னாடியே சொல்லிடறேன். அவர் சொந்தமா போட்ட ஆல்பங்கள்ல இருக்கிற அந்தத் தெளிவு, செஷன்ல அடுத்தவங்க பாட்டுக்கு வாசிச்சு வாசிச்சு வந்தது. ஒத்துக்காதவங்க இருப்பீங்க, வாங்க பேசுவோம்.

புதுக்குச்சி
அண்ணே நான் காலேஜ் செகண்ட் இயர், சர்ச்லயும் காலேஜ் பேண்ட்லயும் வாசிக்கிறேன். இந்தப் பேரை இப்பதான் கேக்கறேன், மன்னிச்சுக்கோங்க. செஷன் டிரம்மர்னா ஸ்டூடியோவுக்கு மட்டும் போறவங்களா? 12 வயசுல எப்படி சம்பளம்?

தாளக்காரன்77
மன்னிப்பெல்லாம் எதுக்குப்பா, கேட்டாத்தானே தெரியும்.

செஷன்னா கூலிக்கு வாசிக்கிறது. பாட்டு உன்னோடது இல்ல, பேண்டும் உன்னோடது இல்ல. கூப்பிடுவாங்க, போகணும், நோட்டேஷனைப் பாத்தோ காதால கேட்டோ உடனே பிடிக்கணும், பாட்டுக்கு என்ன வேணுமோ அதை வாசிச்சுட்டு கிளம்பணும். ஸ்டூடியோவும் உண்டு, டூரும் உண்டு. லண்டன்ல ஒரு செஷன்னா மூணு மணி நேரம்ங்கிறது வழக்கம், நம்ம ஊர்ல கால்ஷீட்னு சொல்றோம்ல அந்த மாதிரி. ஆள் பிடிச்சுக் கொடுக்கிறவருக்கு அங்க ஃபிக்ஸர்னு பேரு. அவரோட டைரில உன் பேரு இருந்தா சோறு, இல்லன்னா இல்ல.

சைமன் 1957 பிப்ரவரி 6ல லண்டன்ல பொறந்தவர். அப்பா சிட் பிலிப்ஸ் கிளாரினெட் வாசிக்கிறவர், டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் நடத்தினவர், அங்க அந்தக் காலத்துல நல்லாத் தெரிஞ்ச பேரு. 12 வயசுலயே அப்பா பேண்ட்ல தொழில்முறையா டிரம்ஸ்ல உக்காந்துட்டாரு, நாலு வருஷம் அதுதான் வேலை. நம்ம பக்கம் நாதஸ்வரக்காரர் வீட்டுப் பையன் சின்ன வயசுலயே தவில் தூக்கிட்டு அப்பா பின்னாடி கச்சேரிக்குப் போற மாதிரிதான். 1973ல அப்பா தவறிட்டார். பையனுக்கு அப்ப 16 வயசு. அந்த வயசுலதான் லண்டன் வெஸ்ட் எண்ட் நாடக மேடையில "ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்" இசை நாடகத்துக்கு வாசிக்கிற வேலை கெடச்சுது. அப்பா காலத்து ஸ்விங்கை விட்டுட்டு ஒரே தாவா ராக் பக்கம்.

16 வயசுல நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னு நெனச்சுப் பாத்தா, அப்பாவும் போயி, அந்தப் பேண்டும் போயி, மறுபடி மேடையேறின அந்தப் பையன் மேல எனக்கு ரொம்ப மரியாதை வருது.

இரும்புக்காது
மெட்டல் பக்கத்துலேர்ந்து நான் சொல்றேன். பிரிட்டிஷ் மெட்டல் பேண்ட் ஜூடாஸ் பிரீஸ்ட்டோட "சின் ஆஃப்டர் சின்", 1977. டீப் பர்ப்பிள்ல பேஸ் வாசிச்ச ரோஜர் குளோவர் தயாரிச்சது. டிரம்ஸ் யாருன்னா சைமன் பிலிப்ஸ், அப்ப அவருக்கு 20 வயசு! அந்த ஆல்பத்துல டபுள் பேஸ் ஓடுற எடங்களைக் கேளுங்க. 77ல மெட்டல்ல அப்படி ரெண்டு காலும் நிக்காம ஓடறது சாதாரணமே இல்ல, பின்னாடி வந்த ஸ்பீடு மெட்டல் மொத்தத்துக்கும் விதை அங்க கெடக்கு. போட்டுட்டுப் போனது ஒரு கூலிக்கு வந்த ஆளு.

பேண்டுல நிரந்தரமா சேருன்னு கேட்டிருக்காங்க. அவரு பேஸ் கிட்டாரிஸ்ட் ஜேக் புரூஸோட பேண்டுக்கு ஏற்கனவே வாக்கு கொடுத்திருந்ததால முடியாதுன்னுட்டாரு, அப்புறம்தான் லெஸ் பிங்க்ஸ் வந்தாரு. எனக்கு இன்னைக்கும் அதுல மனசு ஆறல. அவரு மட்டும் இருந்திருந்தா அடுத்த அஞ்சு ஆல்பமும் வேற மாதிரி இருந்திருக்கும்.

தாளக்காரன்77
இரும்புக்காது, உங்க வருத்தம் புரியுது. ஆனா கொடுத்த வாக்கை மாத்தாம போனதாலதானே அடுத்தது நடந்துச்சு. ஜேக் புரூஸ் பேண்டுல கீபோர்டு டோனி ஹைமஸ். ரெண்டு பேரும் அங்க சேந்து வாசிச்சவங்க. அப்புறம் அதே ரெண்டு பேரும் கிட்டாரிஸ்ட் ஜெஃப் பெக்கோட 1980 ஆல்பம் "தேர் அண்ட் பேக்"ல இருக்காங்க, இருக்கிறது மட்டும் இல்ல, அதுல "ஸ்பேஸ் பூகி" உட்பட சில பாட்டு ரெண்டு பேரும் சேந்து எழுதினது. கூலிக்கு வந்தவர் பாட்டெழுதுறவரா மாறின எடம் அது.

கன்சோல்_முன்னாடி
வணக்கம். நான் சவுண்ட் என்ஜினியர், பத்துப் பதினஞ்சு வருஷமா ரெக்கார்டிங்தான் வேலை. செஷன்காரர் கஷ்டத்தை ஸ்டூடியோ கண்ணாடிக்கு இந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தவன்ங்கிறதால எழுதறேன்.

வெளிய இருந்து பாக்கிறவங்களுக்குத் தெரியாத ஒண்ணு, ரெக்கார்டிங்ல டிரம்மரோட பாதி வேலை வாசிக்கிறதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும். ஸ்நேர் (நடுவுல இருக்கிற சின்ன டிரம்) டியூனிங், டாம்ல தேவையில்லாத கிணுகிணுப்பு, பெடல்ல கிரீச் சத்தம், அப்புறம் ஹைஹேட்டை (காலால மூடித் திறக்கிற ஜோடி சிம்பல்) எவ்வளவு பலமா அடிக்கிறாங்கங்கிறது. ஹைஹேட்டை ஓங்கி அடிச்சுட்டு ஸ்நேரை மெதுவா அடிச்சா மைக்ல ஹைஹேட்தான் நிக்கும், அதை நான் என்ன பண்ணாலும் பிரிக்க முடியாது. அந்த அளவைக் கையிலயே வெச்சிருக்கிற டிரம்மர் வந்தா எனக்கு அன்னைக்கு வேலையே இல்ல. சைமன் பிலிப்ஸ் ரெக்கார்டிங்ல டாம் சத்தத்தைக் கவனிங்க, அமுக்கி வெச்ச சத்தம் இல்ல, ஒவ்வொண்ணும் முழுசா பாடி அடங்கும், அவ்வளவு டாம் இருந்தும் ஒண்ணோட ஒண்ணு மோதாது.

காரணம், அவரே ஒரு என்ஜினியர். 1983ல இசையமைப்பாளர் மைக் ஓல்ட்ஃபீல்டோட "கிரைசிஸ்" ஆல்பத்துல டிரம்ஸ் மட்டும் இல்ல, ஓல்ட்ஃபீல்டோட சேந்து தயாரிச்சவரும் அவருதான், அடுத்த வருஷம் வந்த "டிஸ்கவரி"யும் அப்படியே. கண்ணாடிக்கு ரெண்டு பக்கமும் நின்ன ஆளு.

இன்னொண்ணு, சொல்லாம இருக்க முடியல. சில வருஷம் முன்னாடி நான் வேலை பாத்த ஒரு எடத்துல, ஒரு பையன் ரெண்டு நாள் உக்காந்து ஆறு பாட்டுக்கு வாசிச்சான், அவ்வளவு அருமையா. வெளிய வந்தப்ப அவன் பேரே எங்கயும் இல்ல. கேட்டா "சம்பளம் கொடுத்தாச்சுல்ல"ன்னாங்க. அந்தப் பையன் இப்ப வாசிக்கிறதையே விட்டுட்டான். செஷன் வாழ்க்கையைப் பத்திப் பேசறப்ப இதையும் சேத்துப் பேசணும்.

தாளக்காரன்77
நீங்க சொன்ன அந்தப் பையனை நெனச்சா மனசு கனமா இருக்கு சார். பேரு போடறது ஒரு வரிதானே.

தொப்பி_வலந்தலை
நான் மிருதங்கம். டிரம்ஸ் பத்தி பேச எனக்கு என்ன இருக்குன்னு நெனக்காதீங்க, இவரைப் பாத்து ஒரு வாரம் தூக்கமே இல்லாம இருந்தவன் நான்.

டிரம்ஸ்ல வழக்கமா வலது கை இடது கைக்கு மேல குறுக்கே போயி ஹைஹேட்ல வாசிக்கும், இடது கை அடியில ஸ்நேர்ல இருக்கும். இவர் அப்படி இல்ல. ஹைஹேட் இடது பக்கம், அதை இடது கையாலயே வாசிக்கிறார், ரைடு சிம்பலும் இடது பக்கம்தான், வலது கை அப்ப சும்மா திறந்து கெடக்கு, ஸ்நேர்லேர்ந்து டாம் மொத்தத்துக்கும் அது போகும். கை குறுக்கே போறதே இல்ல. பொறக்கும்போதே இடது கைக்காரர்னு நெனச்சேன், இல்லயாம், வலது கையால வாசிச்சுப் பழகி, தொழில்லயும் எறங்கினதுக்கு அப்புறம், எழுபதுகள்ல டிரம்மர் பில்லி கோப்ஹம் வாசிக்கிற முறையைப் பாத்து தன்னை மாத்திக்கிட்டவர்.

இதோட கனம் மிருதங்கக்காரனுக்குத்தான் நல்லா புரியும். எங்களுக்கு வலந்தலைக்கு (வலது முகம்) ஒரு கை, தொப்பிக்கு (இடது முகம்) ஒரு கை, ரெண்டும் வேற வேற மொழி பேசும். நாளைக்கு யாராவது என்னை மிருதங்கத்தைத் திருப்பி வெச்சு வாசின்னா மறுபடி தத்தித்தோம்நம்லேர்ந்து ஆரம்பிக்கணும். அந்த மாதிரி ஒரு வேலையை, கையில சம்பாத்தியம் இருக்கிறப்ப, கூப்பிடறவங்க எல்லாரும் பழைய கையை நம்பிக் கூப்பிடறப்ப செஞ்சிருக்காரு.

"ஸ்பேஸ் பூகி" பத்தி மேல வந்துச்சு. அது ஏழு எண்ணிக்கை, நான் தகதிமி தகிடன்னு 4+3ஆ எண்ணித்தான் பிடிச்சேன். அந்த வேகத்துல ஏழைப் பிடிக்கிறதே கஷ்டம், இதுல ரெண்டு காலும் டபுள் பேஸ்ல ஷஃபிள் நடையில ஓடிட்டே இருக்கு, அதாவது மூணு மாத்திரையில நடுவுலதை விட்டுட்டு மொதல்லதும் கடைசியும் விழுற நடை. காலு அங்க ஓடுது, மேல கை பாட்டுக்குப் பேசிட்டிருக்கு. சின்னச் சத்தத்துல ஸ்நேர்ல அவர் போடற சொற்கள் ஹெட்போன் போட்டாத்தான் கேக்கும். நான் தொடையில தாளம் போட்டுக்கிட்டே நாலு நாள் கேட்டேன், அஞ்சாவது நாள்தான் சமம் (தாளத்தோட மொத அடி) விடாம கடைசி வரைக்கும் போக முடிஞ்சுது.

புதுக்குச்சி
சார் அப்ப நானும் இடது கையால ஹைஹேட் பழகலாமா? எங்க சர்ச்ல கிட் ஒண்ணுதான், வேற ரெண்டு பேரும் வாசிப்பாங்க, மாத்தி வெச்சா திட்டுவாங்க 😟

தொப்பி_வலந்தலை
எதையும் மாத்த வேண்டாம் தம்பி. ஹைஹேட் எப்படியும் இடது பக்கம்தானே இருக்கு, உயரத்தைக் கொஞ்சம் எறக்கிக்கோ, இடது கையால வெறும் எட்டு அடி, வலது கை ஸ்நேர் ரெண்டுலயும் நாலுலயும். மெட்ரோனோம் (தாளம் தட்டுற கருவி) நிமிஷத்துக்கு 60ல வெச்சு ஆரம்பி. வாசிச்சு முடிச்சதும் பழைய உயரத்துக்கே ஏத்தி வெச்சுடு.

கேள்விக்குறி
எல்லாரும் ஒரே பக்கமா பேசறீங்க, நான் மாத்திச் சொல்றேன். 1988ல "புரோட்டோகால்"னு தன் பேருல சின்ன ஆல்பம் போட்டாரு. அதுக்கு அடுத்த புரோட்டோகால் எப்ப? 2013. நடுவுல 25 வருஷம். அதுல 21 வருஷம் டோட்டோ. வேற ஒருத்தர் உருவாக்கின தாளத்தை ராத்திரிக்கு ராத்திரி மேடையில வாசிச்சே ஒரு பெரிய கலைஞனோட நல்ல வயசு போயிடுச்சுன்னு நான் சொல்றேன். செஷன் வாழ்க்கை சோறு போடும், அடையாளத்தைக் கொடுக்காது. கன்சோல் சார் சொன்ன பையன் கதையும் அதுதானே.

தாளக்காரன்77
கேள்விக்குறி, நீங்க கேட்டது நியாயமான கேள்வி, அதனால பொறுமையா பதில் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

மொதல்ல அந்த 25 வருஷக் கணக்கு. புரோட்டோகால்ங்கிற பேரு வரலயே தவிர சொந்த வேலை நிக்கல. டோட்டோல இருந்த காலத்துலயே 1995ல "சிம்பயோசிஸ்", 97ல "அனதர் லைஃப்டைம்", 2000ல "வான்டேஜ் பாயிண்ட்". இதுல கடைசியா சொன்னது முழுசா ஜாஸ், அப்பா வீட்டுப் பக்கம் திரும்பிப் போன மாதிரி எனக்குப் படும். இதெல்லாம் பெரிசா விக்கல, பேசப்படலங்கிறது வேற.

அடுத்து டோட்டோ. 1992 ஆகஸ்ட் 5ல ஜெஃப் போர்காரோ 38 வயசுல இறந்துட்டாரு. ஆல்பம் தயார், டூர் பக்கத்துல நிக்குது. அந்த ஸ்டூல்ல யாரு போயி உக்காருவாங்க? போர்காரோ அமெரிக்க செஷன் உலகத்துல உச்சத்துல இருந்த ஆளு. "ரோசன்னா" பாட்டுல அவர் போட்ட அந்த ஹாஃப் டைம் ஷஃபிளை (பாதி வேகத்துல நடக்கிற மாதிரி கேக்கிற ஷஃபிள் நடை) இன்னைக்கும் டிரம்ஸ் கத்துக்கறவங்க பாடமா படிக்கிறாங்க. அதை வாசிக்கப் போற ஆளு அப்படியே காப்பி அடிச்சா பொம்மை மாதிரி இருக்கும், மாத்தி வாசிச்சா ரசிகன் ஏத்துக்க மாட்டான், அதுவும் கூட இருக்கிறவங்க கூடப்பொறந்தவனை இழந்த துக்கத்துல இருக்காங்க, மைக் போர்காரோ நெசமாவே தம்பி, மேடையில அவரு பேஸ் வாசிச்சுட்டு நிக்கிறாரு. சைமன் பழைய டூர் வீடியோவுல அதை வாசிக்கிறதைப் பாருங்க. நடை அதே நடை, ஸ்நேர் விழுற எடம் அதே எடம், ஆனா ஹைஹேட் இடது கையில, உள்ள விழுற சின்னச் சொற்கள் இவரோடது. போர்காரோவையும் மறைக்கல, தன்னையும் மறைச்சுக்கல. இதை 1989லயே ஒரு தடவை செஞ்சு பழகினவர். பிரிட்டிஷ் ராக் பேண்ட் தி ஹூவோட 25வது ஆண்டு டூர்ல, இறந்துபோன டிரம்மர் கீத் மூன் வாசிச்ச பாட்டுகளுக்கு வாசிச்சவர் இவர்தான். அதுக்கு முந்தின வருஷம் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜேகரோட தனி டூர்.

இறந்தவங்க எடத்துல உக்காந்து வாசிக்கிறது ஒரு தனிப் பொறுப்பு. அதை ரெண்டு தடவை நின்னு செஞ்சவரை அடையாளம் இல்லாதவர்னு என்னால சொல்ல முடியல.

இரும்புக்காது
தி ஹூ டூர் விட்டுப் போச்சேன்னு இப்பதான் எழுத வந்தேன். தி ஹூ கிட்டாரிஸ்ட் பீட் டவுன்ஷெண்டோட தனி ஆல்பம் "எம்ப்டி கிளாஸ்" 1980லயே இவர் வாசிச்சிருக்காரு, அந்தப் பழக்கம்தான் ஒன்பது வருஷம் கழிச்சு அங்க கொண்டு போச்சு. அதே 80ல மைக்கேல் ஷெங்கர் குரூப்ங்கிற ராக் பேண்டோட முதல் ஆல்பம், அதே 80ல ஜெஃப் பெக். மூணும் ஒரே வருஷம் வந்தது, மூணுலயும் வேற வேற ஆள் வாசிச்ச மாதிரி இருக்கும். ஷெங்கர்ல நேரா நெஞ்சுல அடிக்கும், டவுன்ஷெண்ட்ல பாடறவருக்கு வழி விட்டு நிக்கும், பெக்ல பறக்கும்.

கேள்விக்குறி
தாளக்காரன், அந்த நடு ஆல்பங்களை நான் கேட்டதில்ல, அதை ஒத்துக்கறேன். "வான்டேஜ் பாயிண்ட்" இப்ப ஓடிட்டிருக்கு. ஆனாலும் என் கேள்வி முழுசா போகல. டோட்டோ அவ்வளவு நிறைவா இருந்திருந்தா 2014ல ஏன் வெளிய வந்தாரு? சொந்த இசைக்கு நேரம் வேணும்னுதானே.

தாளக்காரன்77
ஆமா, அதுல நீங்க சொல்றது சரிதான். 57 வயசு ஆகப்போற நேரம். அதுவரைக்கும் சொந்த வேலை எப்பவும் ரெண்டாவதாத்தான் இருந்திருக்கு, வெளிய வந்தப்புறம்தான் முதல் எடத்துக்கு வந்துச்சு. கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம்னு எனக்கும் ஆசை உண்டு.

ஆனா அதுக்கப்புறம் வந்ததைப் பாருங்க. 2015ல மூணாவது புரோட்டோகால், 2017ல நாலாவது, 2022ல அஞ்சாவது. பேண்டுல ஆள் மாறிட்டே இருக்காங்க, கிட்டார் மட்டும் ஆண்டி டிம்மன்ஸ், கிரெக் ஹோவ், அலெக்ஸ் சில்னு மூணு பேர். அஞ்சாவதுல சாக்ஸபோனும் சேந்துச்சு. டிரம்மர் ஆல்பம்னா சோலோவா கொட்டித் தீப்பாங்கன்னு நெனச்சுக் கேட்டா ஏமாந்துடுவீங்க, மெலடிதான் முன்னாடி நிக்கும், தாளம் அதுக்கு அடியில விதவிதமா நெளியும். யாருக்கு எப்ப வழி விடணும்ங்கிறது ஷெங்கர்கிட்டயும் டவுன்ஷெண்ட்கிட்டயும் வாசிச்ச கைக்குத்தான் தெரியும். நான் மொதப் பதிவுல சொன்னது இதைத்தான்.

பியானோ_ரசிகை
யாரும் ஹிரோமியைச் சொல்லலயே! ஜப்பான் பியானிஸ்ட் ஹிரோமி உஎஹாராவோட ட்ரையோ, பேஸ்ல ஆன்டனி ஜாக்சன், டிரம்ஸ்ல இவர். 2011ல "வாய்ஸ்", 2016ல "ஸ்பார்க்". நான் இவரை ராக் பக்கம் கேட்டதே இல்ல, எனக்கு இவர் ஹிரோமியோட டிரம்மர், அவ்வளவுதான். பியானோவுக்குப் பக்கத்துல ரெண்டு பேஸ் டிரம் வெச்ச அவ்வளவு பெரிய கிட், ஆனா ஹிரோமி மெதுவா வாசிக்கிற எடத்துல சிம்பலைத் தொட்டும் தொடாம வாசிப்பாரு பாருங்க, பெருசா இருக்கிறதை மெதுவா வாசிக்கிறது சின்னதை மெதுவா வாசிக்கிறதை விடக் கஷ்டம். அவங்க ரெண்டு பேரும் கண்ணாலயே பேசிக்கிட்டு ஒரே எடத்துல வந்து விழுறப்ப எனக்கு ஒவ்வொரு தடவையும் கண்ணு கலங்கிடும்.

கன்சோல்_முன்னாடி
ஒரு துக்கமான விஷயமும் இருக்கு. 2017 டிசம்பர்ல கலிபோர்னியாவுல பெரிய காட்டுத்தீ, தாமஸ் ஃபயர்னு பேரு, அதுல அவரோட வீடும் ஸ்டூடியோவும் எரிஞ்சு போச்சு. அப்ப அவருக்கு 60 வயசு. ஸ்டூடியோன்னா எனக்குத் தெரியும், ஒவ்வொரு மைக்கும் ஒவ்வொரு கேபிளும் எங்க வாங்கினோம், எந்தப் பாட்டுக்கு எங்க வெச்சோம்னு மனசுல இருக்கும். காசு கொடுத்தாலும் திரும்ப வராதது அதுல பாதி. மழையில தண்ணி புகுந்து என்னோட ரெண்டு ஹார்டு டிஸ்க் போனதுக்கே நான் ஒரு மாசம் சரியா சாப்பிடல. தாளக்காரன் சொன்ன அந்த அஞ்சாவது ஆல்பம் இதுக்கப்புறம் வந்தது. அதைக் கேக்கறப்ப எனக்கு அது ஞாபகம் வராம இருக்காது.

கேள்விக்குறி
இது எனக்குத் தெரியாது. அஞ்சாவதை இன்னைக்கு ராத்திரி கேக்கறேன்.

புதுக்குச்சி
அண்ணே எல்லாம் படிச்சேன், ரெண்டு தடவை. எங்கேர்ந்து கேக்க ஆரம்பிக்கணும்? அப்புறம் எனக்கு ஒரு கல்யாணக் கச்சேரி குரூப்லேர்ந்து கூப்பிட்டிருக்காங்க, சொந்த பேண்ட் ப்ராக்டீஸும் அதே ஞாயித்துக்கிழமைதான், எதுக்குப் போறதுன்னு கொழப்பம்.

தாளக்காரன்77
தம்பி, மொதல்ல 801 பேண்டோட லைவ் ஆல்பம். 1976 செப்டம்பர் 3, லண்டன் குயின் எலிசபெத் ஹால். பில் மன்சனேரா, பிரையன் ஈனோ எல்லாம் இருந்த பேண்ட், மூணே மூணு கச்சேரிதான் வாசிச்சாங்க, அதுல கடைசி இது. சைமனுக்கு 19 வயசு, கிட்டத்தட்ட உன் வயசு, அதனாலதான் அங்கேர்ந்து கேளுன்றேன். அப்புறம் "தேர் அண்ட் பேக்", அப்புறம் ரெண்டாவது புரோட்டோகால், அப்புறம் ஹிரோமி. ஒரு ஆல்பத்துக்கு ஒரு வாரம் கொடு, ஓட்டி ஓட்டிக் கேக்காத.

கச்சேரிக்கு முதல்ல யாருக்கு வாக்கு கொடுத்தியோ அங்க போ. கல்யாணக் கச்சேரி அடுத்த முகூர்த்தத்துக்கும் வரும், பாட்டு லிஸ்ட்டை வாங்கி வெச்சுக்கோ, நோட்டேஷன் எழுதிப் பழகு.

புதுக்குச்சி
பேண்டுக்குத்தான் அண்ணே முதல்ல சொன்னேன். கச்சேரிக்காரங்ககிட்ட அடுத்த மாசம் வரேன்னு சொல்லிட்டேன், லிஸ்ட் அனுப்பறேன்னாங்க, 32 பாட்டாம். இன்னைக்கு சாயங்காலம் சர்ச்ல யாரும் இல்லாத நேரம் ஹைஹேட்டை எறக்கி வெச்சு இடது கையால 60ல வாசிச்சேன். பதினஞ்சு நிமிஷத்துல தோள் வலி வந்துடுச்சு, ஆனா நாலு பார் தப்பில்லாம போச்சு. உயரத்தைப் பழையபடி ஏத்தி வெச்சுட்டுத்தான் வந்தேன் சார்.

தொப்பி_வலந்தலை
தோளைத் தூக்கிட்டு வாசிக்கிற, அதான் வலி. முழங்கை உடம்பை ஒட்டி இருக்கட்டும், மணிக்கட்டு மட்டும் அசையணும். நாளைக்கு 50ல வை.